லாந்தருக்குக் குச்சி வாங்கியாச்சா? ஜெர்மன் பள்ளிக் கொண்டாட்டங்களுக்குப் பெற்றோர் வழிகாட்டி

நாங்கள் ஜெர்மனிக்கு வந்த முதல் வருடம், நவம்பர் மாதம். மாலை ஐந்தரைக்கே கும்மிருட்டு. கொலோன் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் மார்ட்டின் நாள் லாந்தர் ஊர்வலத்துக்கு நல்ல கூட்டம். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு காகித லாந்தர்: நரி, ஆந்தை, நிலா. என் மகள் கையில் முள்ளம்பன்றி. இரண்டு வாரம் வகுப்பில் உட்கார்ந்து அவளே ஒட்டியது. வட்டமான சீஸ் டப்பா மூடி, அதைச் சுற்றி பட்டர் பேப்பர், மேலே ஒரு கம்பி. எல்லா லாந்தரும் எரிந்தன, அவளுடையது மட்டும் எரியவில்லை. லாந்தரைத் தொங்கவிடும் குச்சியும் அதன் நுனியில் இருக்கும் சின்ன பல்பும் வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டியவையாம். பள்ளி அனுப்பிய தாளில் எழுதியிருந்தார்கள். அந்தத் தாள் அவள் பையின் அடியில், கறுத்துப்போன ஒரு வாழைப்பழத்துக்குக் கீழே கிடந்தது. என் போனில் டார்ச்சைப் போட்டு லாந்தருக்குள் வைத்துப் பார்த்தேன். பத்தடி நடப்பதற்குள் அடிப்பாகம் பிய்ந்து போன் தரையில் விழுந்தது. முள்ளம்பன்றிக்கு அடிவயிறே இல்லை.

நம் ஊரில் பள்ளி ஆண்டு விழா என்றால் பெற்றோர் போய் நாற்காலியில் உட்காருவோம், பிள்ளை ஆடுவதைப் படம் பிடிப்போம், வருவோம். இங்கே விழா அழைப்பு என்று நினைத்து வாங்கும் தாள் பாதி வேலைப் பட்டியல். யார் கேக் கொண்டு வருவது, யார் மேசை தூக்குவது, யார் கடைசியில் கூட்டுவது, எல்லாம் பெற்றோர் தலையில். இது பிடிபட எனக்கு ஒரு முழு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது ஜெர்மனியின் மேற்கே ரைன்லாந்து பகுதி. ஜெர்மனியில் 16 மாநிலங்கள், பள்ளி விஷயத்தில் ஒவ்வொன்றும் தனிக் கடை. தேதிகளையும் வழக்கங்களையும் உங்கள் ஊருக்குத் தகுந்தபடி திருத்திக்கொள்ளுங்கள்.

படி 1: தாளைப் பிடியுங்கள்

பிள்ளையின் பையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கோப்பு இருக்கும். போஸ்ட்மாப்பே என்பார்கள். தினமும் மாலை அதைத் திறந்து பார்ப்பதை, டிபன் டப்பாவைக் கழுவப் போடுவது மாதிரி ஒரு வழக்கமாக்கிவிடுங்கள். சில பள்ளிகள் ஆப்புக்கு மாறிவிட்டன, ஆனால் கொண்டாட்டம் என்று வந்தால் காகிதத்தின் மேல் இவர்களுக்கு இருக்கும் பிரியம் தனி. தாளின் அடியில் வெட்டுக்கோடு போட்டு, கையெழுத்திட்டுத் திருப்பித் தர ஒரு துண்டு இருக்கும். அதற்குக் கடைசித் தேதி உண்டு. அது உண்மையிலேயே கடைசித் தேதி. மறுநாள் போய்ச் சிரித்துக்கொண்டே கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் ரொட்டிக்கு ஆர்டர் அதற்குள் போயிருக்கும்.

போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் படிக்கலாம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஆப் கொண்டாட்டச் சொற்களில்தான் சறுக்கும். பள்ளியின் முதல் நாளுக்கு அட்டைக் கூம்பு ஒன்று உண்டு, கீழே வருகிறது. அதை ஆப் 'பள்ளிப் பை' என்று சொல்ல, பைதான் ஏற்கெனவே வாங்கியாச்சே என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். கடைசி வாரத்தில் மேல்வீட்டு அம்மா கேட்டதால் தப்பித்தேன்.

சில சொற்களை மட்டும் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். 'மிட்பிரிங்கென்' என்றால் கொண்டு வரவும். 'பிஸ் ஷ்பேட்டெஸ்டென்ஸ்' என்றால் இந்தத் தேதியைத் தாண்டக்கூடாது. 'ஃபெர்க்லைடெட்' என்றால் வேஷம் போட்டு வரவும். 'ஃப்ரைவில்லிக்' என்றால் விருப்பப்பட்டவர்கள் மட்டும். இந்த நாலும் தெரிந்தால் பாதி தாள் புரிந்த மாதிரிதான்.

படி 2: பெற்றோர் கூட்டத்தில் வாயைத் திறங்கள்

பள்ளி ஆண்டு தொடங்கிய சில வாரங்களில் எல்டெர்ன்ஆபென்ட் என்ற மாலைக் கூட்டம் வரும். ஏழு வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்போம். ஆண்டின் கொண்டாட்டத் தேதிகள் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகும். வகுப்புப் பெற்றோர் பிரதிநிதி யார் என்று கேட்டதும் அறை முழுக்க எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். அந்த மௌனம் உலகப் பொதுவானது போல.

பிரதிநிதி ஆகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சின்ன வேலைக்குக் கை தூக்குங்கள். எனக்கு ஜெர்மன் அரைகுறை. 'மொழி வேண்டாத வேலை இருந்தால் தாருங்கள்' என்றேன். லாந்தர் ஒட்டும் மாலைக்கு உதவச் சொன்னார்கள். கத்தரிக்கோலும் பசையும் பிடிக்க எந்த மொழி வேண்டும்? அன்று பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிய இரண்டு அம்மாக்கள்தான் இன்று வரை 'நாளைக்கு என்ன கொண்டு போகணும்?' என்று நான் செய்தி அனுப்பிக் கேட்கும் ஆட்கள்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் ஊரில் இருக்கும் ஓர் ஈழத்து அக்கா. 80களில் வந்தவர், மூன்று பிள்ளைகளை இங்கேயே படிக்க வைத்துப் பேரப்பிள்ளை கண்டவர். லாந்தர் கதையைக் கேட்டுச் சிரித்து முடித்து, "தங்கச்சி, அவை கேட்கிற வேலையை முதல்ல செய்து குடுங்கோ. பிறகு நீங்கள் கேட்கிறதை அவை செய்து தருவினம்" என்றார்.

படி 3: முதல் நாள், கூம்பு

முதல் வகுப்பில் சேரும் நாள் இங்கே ஒரு குடும்ப விழா. ஐன்ஷூலுங் என்று பெயர். தாத்தா பாட்டி வேறு ஊரிலிருந்து வருவார்கள், அப்பா அம்மா இருவரும் விடுப்பு எடுப்பார்கள். சாக்சனி, பெர்லின் போன்ற மாநிலங்களில் இதைச் சனிக்கிழமையில் வைப்பார்கள், எங்கள் பக்கம் வாரநாளில். மண்டபத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பாடுவார்கள், தலைமையாசிரியர் பேசுவார், பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வகுப்புக்கு அழைத்துப் போவார்கள். முதல் பாடம் முடியும்வரை பெற்றோர் வெளியே காபி குடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்த நாளின் நாயகன் ஷூல்ட்யூட்டே என்ற அட்டைக் கூம்பு. கிழக்குப் பகுதியில் ட்ஸுக்கர்ட்யூட்டே, அதாவது சர்க்கரைக் கூம்பு. 1800களின் தொடக்கத்தில் சாக்சனி, தூரிங்கியா பக்கம் தொடங்கிய வழக்கம் இது. பள்ளியில் ஒரு மரம் இருக்கிறது, அதில் கூம்புகள் காய்க்கும், பழுத்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்துவிட்டது என்று கதை சொல்வார்கள். மேற்கே வழக்கமாக 70 சென்டிமீட்டர் உயர வட்டக் கூம்பு, கிழக்கே 85 சென்டிமீட்டரில் ஆறுபட்டைக் கூம்பு. பிள்ளை உயரத்தில் முக்கால்வாசி வரும்.

செய்ய வேண்டியது இதுதான். சேரும் வருடம் வசந்த காலத்திலேயே பாலர் பள்ளியில் 'கூம்பு செய்யும் மாலை' உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து அங்கேயே செய்வார்கள். இல்லாவிட்டால் கடையில் வெற்று அட்டைக் கூம்பு கிடைக்கும், வாங்கி ஒட்டி அலங்கரிக்கலாம். கடையில் முழுதாகச் செய்ததும் கிடைக்கும், குற்றமில்லை. நுனியில் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு போட்டாலும் நிரம்பாது, நுனியும் மடங்கும். அதன் மேல் மிட்டாய், பென்சில், அழிப்பான், பிள்ளை பெயர் அச்சிட்ட ஒட்டிகள், ஸ்கிப்பிங் கயிறு, தண்ணீர் பாட்டில். மேலே வலைத்துணியைச் சுருக்கி ரிப்பன் கட்டுங்கள். நான் மகனுக்கு அடியில் கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று வைத்தேன், அவன் அதைத்தான் முதலில் தேடினான். விலை உயர்ந்த பொருள் போட்டு அசத்தும் போட்டி இங்கேயும் சில பேரிடம் உண்டு, அதில் சேராதீர்கள். பிள்ளையே அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், படமெடுக்க நிற்க வேண்டும். எடை முக்கியம். வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள். சின்னத் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் ஒரு குட்டிக் கூம்பு செய்துவிடுங்கள். வீட்டில் அன்று சமாதானம் நிலவும்.

பல பள்ளிகளில் அன்று காலை பக்கத்துத் தேவாலயத்தில் ஒரு வழிபாடும் இருக்கும். அது கட்டாயம் கிடையாது. மதம் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

படி 4: மார்ட்டின் ஊர்வலம்

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். ரோமானியப் படையில் சிப்பாயாக இருந்தவர் மார்ட்டின். இன்றைய பிரான்ஸில் உள்ள அமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய ஒரு பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதி கொடுத்தார் என்பது கதை. பின்னால் தூர் நகர ஆயர் (பிஷப்) ஆனார், 397ல் இறந்து நவம்பர் 11 அன்று அடக்கம் செய்யப்பட்டார். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய முயற்சி தேவையில்லை. மகனுக்கு நான் இரண்டு கதையையும் சேர்த்தே சொன்னேன். அவன் ஆசிரியரிடம் போய் மார்ட்டினிடம் தேரும் இருந்தது என்று சொல்லிவிட்டான்.

எங்கள் பக்கம் இதுதான் வருடத்தின் அழகான மாலை. சிவப்பு மேலங்கியும் தலைக்கவசமுமாக ஒருவர் நிஜக் குதிரையில் முன்னே வருவார். பின்னால் பித்தளை வாத்தியக் குழு, அதன் பின்னால் வகுப்பு வகுப்பாக லாந்தர்கள். முடிவில் ஒரு பெரிய நெருப்பு, தீயணைப்புப் படையினர் காவலுக்கு. போகி மாதிரி இருக்கிறது என்று என் மாமியார் வீடியோ காலில் சொன்னார்.

தயாரிப்பு. குச்சியை அக்டோபரிலேயே வாங்குங்கள், கடைசி வாரத்தில் கடைகளில் தீர்ந்துவிடும். பேட்டரி போட்டு எரிய விட்டுப் பாருங்கள், ஒரு ஜோடி பேட்டரி பாக்கெட்டில் இருக்கட்டும். ஊர்வலம் சரியாக 11ஆம் தேதிதான் நடக்கும் என்றில்லை, அந்த வாரத்தில் ஏதோ ஒரு நாள். தூறலுக்கெல்லாம் நிறுத்த மாட்டார்கள், மழைக்கால்சட்டை போட்டு நடப்பார்கள். லாந்தர் பிடித்த கையைப் பைக்குள் விட முடியாது, கையுறை அவசியம்.

ஊர்வலம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு வெக்மான் தருவார்கள். ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த இனிப்பு மாவில் மனித உருவம், கண்ணுக்கு உலர்திராட்சை, வாயில் அல்லது மார்பில் ஒரு வெள்ளைக் களிமண் புகைக்குழாய். சின்னப் பிள்ளைகளுக்குப் புகைக்குழாயா என்று முதலில் திகைத்தேன், இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் ஐந்து கிடக்கின்றன. இதற்கு முன்கூட்டியே பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும், அதுவும் அந்தத் தாளில்தான். டோக்கன் இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளையும் கடித்துக்கொண்டிருக்க, உங்கள் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும். தம்பி தங்கைக்கும் சேர்த்து வாங்குங்கள். பால் இருக்கும், முட்டை சில பேக்கரிகளில் உண்டு.

ரைன்லாந்தில் இதோடு முடியாது. பிள்ளைகள் லாந்தரோடு வீடு வீடாகப் போய்ப் பாடி மிட்டாய் வாங்குவார்கள். அந்த மாலைகளில் ஒரு கிண்ணம் மிட்டாயை வாசலில் தயாராக வையுங்கள். மணி அடித்துக் கதவைத் திறந்தால் நாலு பேர் நின்று பாட ஆரம்பிப்பார்கள். முழுப்பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

படி 5: டிசம்பரும் மதமும்

டிசம்பர் 1 தொடங்கினால் கிறிஸ்மஸ் வரை நாள் எண்ண வகுப்பில் 24 சின்னப் பரிசுப் பைகள் தொங்கும், தினம் ஒரு பிள்ளை ஒன்றைத் திறக்கும். சில வகுப்புகளில் பெற்றோர் ஆளுக்கொரு பை நிரப்ப வேண்டும். அப்புறம் டிசம்பர் 6, நிக்கோலாவுஸ். இவரைக் கிறிஸ்மஸ் தாத்தா என்று நினைத்துவிடாதீர்கள். மீரா நகரத்து ஆயர், அது இன்றைய துருக்கியில் இருக்கிறது. 5ஆம் தேதி இரவு பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், காலையில் அதில் ஆரஞ்சுப் பழம், வால்நட், சாக்லேட். நீங்கள் வீட்டில் கொண்டாடாவிட்டாலும் மறுநாள் வகுப்பில் 'உனக்கு என்ன வந்தது?' என்பதுதான் பேச்சு. அதை மனதில் வைத்து முடிவெடுங்கள். நாங்கள் பூட்ஸ் வைக்கிறோம்.

விக்டெல்ன் என்று சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றுவதும் உண்டு. ஐந்து யூரோ என்று எழுதியிருந்தால் ஐந்து யூரோதான். நம் கை தாராளமாகப் போய் பதினைந்துக்கு வாங்கினால் அந்தப் பக்கத்துப் பெற்றோருக்குச் சங்கடம்.

சரி, மதம். பல பெற்றோர் இதை வெளியே கேட்பதில்லை, மனதுக்குள் வைத்துக் குமைகிறார்கள். ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளை மத வகுப்பில் கலந்துகொள்வதா வேண்டாமா என்பதைப் பெற்றோர் முடிவுக்கு விடுகிறது. பள்ளி வழிபாடும் விருப்பத்தின்பேரில்தான். வேண்டாம் என்றால் வகுப்பாசிரியருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், பிள்ளைக்கு அந்த நேரம் வேறு ஏற்பாடு இருக்கும். யாரும் முகம் சுளிப்பதை நான் பார்த்ததில்லை. என் கருத்தைக் கேட்டால்: லாந்தர், பூட்ஸ், பாட்டு எல்லாம் ஊர்ப் பழக்கம், பிள்ளை கலந்துகொள்ளட்டும். தேவாலய வழிபாடு உங்களுக்கு உறுத்தினால் அதற்கு மட்டும் தயங்காமல் சொல்லுங்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போய்வந்த குடும்பம் எங்களுடையது, அதனால் எங்களுக்கு உறுத்தவில்லை. உங்கள் வீடு வேறு மாதிரி இருக்கலாம்.

படி 6: கார்னவால் வேஷம்

பிப்ரவரியில், சில வருடம் மார்ச்சில், ரைன்லாந்துக்குப் பைத்தியம் பிடிக்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை பள்ளியில் வேஷ நாள், ஆசிரியர்களும் வேஷத்தில்தான் வருவார்கள். தலைமையாசிரியர் தேனீயாக வந்து கையெழுத்து வாங்கிய அனுபவம் எனக்குண்டு. திங்கள் பெரிய ஊர்வலம், அன்று இங்கே பள்ளி கிடையாது. 2027ல் அந்தத் திங்கள் பிப்ரவரி 8. பவேரியாவில் இதற்கு ஃபாஷிங் என்று பெயர், வடக்கே போகப் போக அடங்கிவிடும்.

துப்பாக்கி, வாள் பொம்மைகள் பெரும்பாலும் கூடாது. முகமூடி, நீளமான அங்கி போன்றவற்றுக்கும் கட்டுப்பாடு இருக்கலாம். வேஷத்துக்குள் கனமான உடை போட இடம் வேண்டும், குளிர் மாறாது. ஊர்வலத்தில் மேலே இருந்து மிட்டாய் எறிவார்கள், ஒரு துணிப்பை கொண்டு போங்கள். கொலோனில் 'அலாஃப்', டூஸல்டோர்ஃபில் 'ஹெலாவ்' என்று கத்துவார்கள். இரண்டையும் மாற்றிக் கத்தினால் அது மதுரைக்காரரிடம் போய்த் திருநெல்வேலி அல்வாவைப் புகழ்வதைவிட மோசம்.

ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'உங்கள் மகள் அந்த அழகான இந்திய உடையைப் போட்டு வரலாமே' என்று ஒரு முறை அன்பாகச் சொன்னார்கள். பட்டுப் பாவாடையைத்தான். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தேன். பக்கத்தில் ஒரு பிள்ளை கடற்கொள்ளைக்காரன், இன்னொன்று தவளை, நடுவில் என் மகள் அவளாகவே போய் வேஷம் என்று நிற்பதா? அவளிடமே கேட்டேன். "அது டிரஸ்ஸும்மா, வேஷம் இல்ல" என்றாள். வௌவாலாகப் போனாள். பாவாடையைக் கோடை விழாவுக்குப் போட்டாள். வேறு வீட்டில் பிள்ளை ஆசையாகப் போட்டுப் போனால் அதிலும் தவறில்லை. முடிவு பிள்ளையுடையது என்பதுதான் என் கட்சி.

படி 7: பிறந்தநாள்

முக்கியமான விதி ஒன்று. பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னால்கூட வாழ்த்துச் சொல்லக்கூடாது. கெட்ட சகுனம் என்று நினைப்பவர்கள் இன்றும் அதிகம். பிந்திச் சொல்லலாம், பாதகமில்லை.

வகுப்புக்குக் கேக் கொண்டு போவது பிறந்தநாள் பிள்ளையின் வேலை. புது உடை போட்டு இரண்டு சாக்லேட் நீட்டும் நம் முறைக்குப் பதிலாக, வகுப்பு எண்ணிக்கைக்கு வெட்டின கேக் அல்லது மஃபின். க்ரீம், வேகாத முட்டை சேர்ந்தவை பல பள்ளிகளில் கூடாது. கம்மி மிட்டாய்களில் பலவற்றில் பன்றி ஜெலட்டின் உண்டு, நமக்கும் சிக்கல், வகுப்பில் வேறு பிள்ளைகளுக்கும் சிக்கல், கவனித்து வாங்குங்கள்.

வீட்டு விருந்துக்கு எத்தனை வயதோ அத்தனை விருந்தினர் என்பது பரவலான கணக்கு. ஏழு வயதுக்கு ஏழு பேர். வகுப்பு முழுவதையும் கூப்பிடாவிட்டால் அழைப்பை வகுப்பில் எல்லோர் முன்னாலும் கொடுக்காதீர்கள். அழைப்பு வந்த பிள்ளை மட்டும்தான் போக வேண்டும், அண்ணன் தம்பி கூடாது. மூன்று மணி என்றால் மூன்று, ஆறு மணிக்குக் கூட்டிப் போக வரவும் என்றால் ஆறு. நாம் ஏழரைக்குப் போய் 'சாப்பிட்டாச்சா?' என்று விசாரித்துக்கொண்டு நின்றால் அந்த அம்மாவின் முகமே சொல்லிவிடும். சில பொம்மைக்கடைகளில் பிள்ளையின் பெயரில் ஒரு கூடை வைத்திருப்பார்கள், அதிலிருந்து ஒன்றை எடுத்து வாங்கினால் பரிசு முடிந்தது. எங்கள் வகுப்பில் 10 முதல் 15 யூரோ வரை போகிறது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாட்டிலைச் சுழற்றுவார்கள், அது யாரைக் காட்டுகிறதோ அவர் பரிசு அப்போதே எல்லோர் முன்னாலும் பிரிக்கப்படும். விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுச் சுற்றுங்கள்.

படி 8: கோடை விழாவும் சாப்பாட்டுப் பட்டியலும்

ஜூன், ஜூலையில் ஸோமர்ஃபெஸ்ட். ஒரு தாளில் கட்டம் போட்டு வரும்: சாலட், கேக், பழம், கிரில் அடுப்பு இரண்டு முதல் மூன்று மணி, வாஃபில் மேசை மூன்று முதல் நான்கு. சீக்கிரம் பெயர் எழுதினால் வாஃபில் மேசை கிடைக்கும், தாமதித்தால் 'கூட்டிப் பெருக்குதல்' மட்டும் மிஞ்சும். சொந்தத் தட்டும் கரண்டியும் டம்ளரும் கொண்டு போங்கள், பெரும்பாலும் அப்படித்தான் கேட்பார்கள்.

இதில் எனக்கு இன்னும் சிரிப்பு வரும் விஷயம் ஒன்று. நாம் வெண்ணெயும் முட்டையும் வாங்கி, ராத்திரி கண்விழித்துக் கேக் செய்து, காலையில் கொண்டு போய்க் கொடுப்போம். மதியம் அதே கேக்கில் ஒரு துண்டை ஒரு யூரோ கொடுத்து நாமே வாங்கித் தின்போம். அந்தக் காசு ஃபோர்டர்ஃபெராயின் என்ற பள்ளி ஆதரவுச் சங்கத்துக்குப் போகும், அதில்தான் எங்கள் பள்ளிக்கு பிள்ளைகள் ஏறி விளையாடும் சட்டகம் வந்தது. கோயில் பிரசாத ஸ்டால் மாதிரி நினைத்துக்கொண்டேன், மனம் ஒப்பியது.

நம் சாப்பாடு கொண்டு போகலாமா? தாராளமாக. ஆனால் ஒட்டும் சீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறது. நம் சமையலறை அதில் பாதிக்கு மேல் வைத்திருக்கிறது. வேர்க்கடலை, முந்திரி, எள், பால், கோதுமை தெரிந்தவை. கடுகும் அதில் உண்டு என்பது எனக்குத் தெரியாது. எலுமிச்சை சாதத்தைத் தாளித்த கையோடு சீட்டில் 'ஸென்ஃப்' என்று எழுதப் பழகினேன். அடுத்தது பெருங்காயம். முறுக்கு அரிசி மாவுதானே, கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் தரலாம் என்று நினைப்போம். கடையில் வாங்கும் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஆறிய வடையும் காரமான குருமாவும் மேசையில் அப்படியே இருக்கும். எலுமிச்சை சாதம், காரம் போடாத காய்கறிப் புலாவ், தேங்காய் பிஸ்கட் தீர்ந்துவிடும்.

படி 9: நம் பண்டிகையைக் கொண்டு போவது

இரண்டாவது வருடத்தில் ஆசிரியரே கேட்பார், உங்கள் பண்டிகை ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறீர்களா என்று. ராமாயணத்தைத் தொடங்காதீர்கள். நான் தீபாவளிக்குப் பன்னிரண்டு படம் போட்டு விளக்கினேன், நாலாவது படத்தில் பாதி வகுப்பு ஜன்னலைப் பார்த்தது. அடுத்த முறை பொங்கல் சமயம் பள்ளி முற்றத்தில் தரைச் சாக்பீஸால் புள்ளி வைத்து விட்டுவிட்டேன். ஐந்துக்கு மூன்று இடைப்புள்ளி. கோடு எப்படிப் போகிறது என்று கண்டுபிடிக்க இருபது பிள்ளைகள் குப்புற விழுந்து கிடந்தார்கள், மணி அடித்தும் எழவில்லை. ஜனவரி மழை இரண்டு நாளில் கழுவிவிட்டது.

பட்டாசு பற்றிக் கேட்பார்கள். இங்கே பட்டாசு பொதுமக்கள் கொளுத்த அனுமதி ஆண்டின் கடைசி இரவையொட்டி மட்டும்தான். தீபாவளிக்கு வெடித்தால் அபராதம். கம்பி மத்தாப்பு வருடம் முழுக்கக் கிடைக்கும், அதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் அகல் விளக்கு வைக்க ஆசையானால் பேட்டரி விளக்கு போடுங்கள். கரும்பு, வெல்லம் எல்லாம் ஈழத் தமிழர் கடைகளில் கிடைத்துவிடும்.

தீபாவளிக்கு விடுப்பு வேண்டுமானால் சில வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள். மதப் பண்டிகைக்கு ஒரு நாள் கேட்டால் மறுத்துப் பார்த்ததில்லை. 2026ல் நவம்பர் 8 ஞாயிறு, கேட்கும் அவசியமே இல்லை. மூன்று நாள் கழித்து மார்ட்டின், எனவே அந்த வாரம் வீட்டில் தூக்கம் இருக்காது. ஆனால் பள்ளி விடுமுறையை ஒட்டி முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்து ஊருக்குப் பறப்பதை இங்கே பண்டிகை விடுப்பு என்று ஏற்க மாட்டார்கள். பள்ளி வருகை சட்டப்படி கட்டாயம். பவேரியாவில் விமான நிலையத்தில் போலீஸ் பள்ளிப் பிள்ளைகளின் குடும்பங்களை நிறுத்தி விசாரித்ததும் செய்தியில் வந்திருக்கிறது.

படி 10: போட்டோ

நம் கை தானாக போனுக்குப் போகும். உங்கள் பிள்ளையைத் தாராளமாக எடுங்கள். ஆனால் பக்கத்துப் பிள்ளையின் முகம் தெரியும் படத்தை அந்தப் பெற்றோரைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், சொந்தக்காரர் குழுவிலும்தான். ஒருவர் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்று 1907ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, இன்றும் நடப்பில் உள்ளது. ஊர்ப் பாட்டிகளுக்குப் படம் வேண்டும் என்றால் விழா தொடங்கும் முன், பிள்ளையை மரத்தடியில் தனியாக நிறுத்தி எடுத்துவிடுங்கள்.

வர முடியாதபோது

எல்லாக் கொண்டாட்டத்துக்கும் வேலை செய்ய முடியாது. வேலைக்குப் போகும் பெற்றோர், கைக்குழந்தை இருப்பவர்கள், ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கலங்கிக்கொண்டிருப்பவர்கள், யாருக்கும் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்காது. அப்போது தாளைத் திருப்பித் தராமல் இருப்பதுதான் தவறு. காரணம் விளக்க வேண்டாம், நீளமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். இந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 'லைடர் கான் இஷ் நிஷ்ட் ஹெல்ஃபென், ஆபர் இஷ் பாக்கே ஐனென் கூஹென்.' உதவிக்கு வர முடியவில்லை, ஆனால் ஒரு கேக் செய்து தருகிறேன் என்று பொருள். ஏன் வர முடியவில்லை என்று இதுவரை யாரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. கேக்கில் நட்ஸ் உண்டா என்று மட்டும் கேட்பார்கள்.